வாயை மட்டும் அசைத்தால் போதும்

மார்ச் 4

வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ "சரி அண்ணி, ரிகர்சலுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் முழுசாகப் படித்துவிடு.

நேற்று ஆர்கெஸ்ட்ரா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பாடகர் குழுவில் நாற்பத்தாறு பேர். அதில் பதினாலு பேர் கச்சேரியன்று மேடையில் நிற்கலாமாம், பாடக் கூடாதாம். "வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பங்கைப் பாட வெளியிலிருந்து எட்டு தொழில்முறைப் பாடகர்கள் வருகிறார்களாம். மேடை நிறைந்து தெரிய வேண்டுமே, அதற்காக என் ஆட்கள் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி பின்னால் நிற்க வேண்டும்.

காரணம் கடைசி வரியில் இருந்தது. "விருந்தினர் பாடகர்களின் கருத்தை ஏற்று."

விருந்தினர் பாடகர்கள் நாலு பேர். மூன்று பேரை எனக்கு முன்பின் தெரியாது. நாலாவது ஆள், போன மாதம் கூட்டு ஒத்திகைக்கு வந்து என் வீட்டில் மூன்று நாள் தங்கி, என் தலையணையில் தூங்கி, என் துண்டால் தலை துவட்டிய ஆள். அதனால் நேராகவே கேட்கிறேன். நீ கேட்டாயா?

யார் யார் என்று உனக்குத் தெரிய வேண்டும். பட்டியலில் பெயர்கூட இல்லை, நிற்கும் இடத்தின் எண்தான். முப்பத்து மூன்று தையல்கார அம்மா. மகளுக்குப் பிரசவம் ஆன அன்றுகூட ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நூலக மாடிக்கு வந்து பாடியவர். முப்பத்தாறு பல் டாக்டர். நாற்பத்தொன்று பஸ் கண்டக்டர். கடைசி ட்ரிப்பை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு, யூனிஃபார்ம் சட்டையோடு மூச்சிரைக்க மாடி ஏறி வருபவர். இவர்கள் செவ்வாயும் வெள்ளியும் ஏழு மாதம் வந்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா நம்மைக் கூப்பிட்டிருக்கிறது என்று வந்தார்கள்.

நாற்பத்து மூன்று உன் அண்ணன்.

ஆமாம், உன் கூடப் பிறந்தவர்தான். கடிதத்தைப் படித்தார், நாலாக மடித்தார், "நம்பரு தப்பா போட்டிருப்பாங்க" என்றார். சட்டைக்கு இஸ்திரி போடும்போது எப்போதும் தன் பகுதியை முணுமுணுப்பார், உனக்கே தெரியும். இன்று காலை ஏழு சட்டைக்கு இஸ்திரி போட்டார். இஸ்திரிப் பெட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பதில் போடு. சுற்றி வளைக்காதே.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன், ஒவ்வொரு முறையும் கோபம் கூடியது.

நான் யாருக்கும் எழுதவில்லை. யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. என் தொண்டை மேல் சத்தியம். பாட்டுப் பாடிப் பிழைக்கிறவள் அதற்கு மேல் எதன் மீது சத்தியம் செய்ய முடியும்? ஆனாலும் நாலு பேரில் உங்கள் விரல் முதலில் என்னைத்தான் காட்டியது. அந்த டெனர் பாடகரை ஏன் நினைக்கவில்லை? ஒத்திகை அறையில் ஜன்னல் திறந்தால் குற்றம், மூடினால் குற்றம் என்று மூன்று நாளும் முனகிக்கொண்டிருந்த மனிதர். அவரைக் கேளுங்கள்.

துண்டுக் கணக்கு எழுதுகிறீர்கள். நானும் ஒன்று எழுதுகிறேன். கூட்டு ஒத்திகையன்று உங்கள் குழுவிடம் என்னை எப்படி அறிமுகப்படுத்தினீர்கள், நினைவிருக்கிறதா? மற்ற மூவருக்கும் ஆளுக்கு நாலு வரி. எந்த மேடையில் பாடினார், என்ன பரிசு வாங்கினார் என்றெல்லாம். என் முறை வந்ததும், "இது எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, நல்லா பாடும்." அவ்வளவுதான். பாடுமாம்! இருபது வருஷமாக மேடையில் நிற்கிறேன். உங்கள் வாயிலிருந்து என் பங்குக்கு அரை வரி.

அண்ணனைப் பட்டியலில் போட்டது அநியாயம். அதை நானும் சொல்கிறேன். ஆனால், கோபித்துக்கொள்ளாதீர்கள், பின்வரிசை அன்று இழுத்ததா இல்லையா? மூன்றாம் பகுதியில் சுருதி ஒட்டவே இல்லை. உங்கள் காது என் காதைவிடக் கூர்மை. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அதற்காக வாயசைக்கச் சொல்வது சரி என்று சொல்ல வரவில்லை. ஒட்டவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

தங்கள் வீட்டுக்காரரின் தங்கை


மார்ச் 13

வாலு,

உன் சத்தியத்தை எடுத்துக்கொண்டு நேற்று ஆர்கெஸ்ட்ரா அலுவலகத்துக்குப் போனேன். "என் நாத்தனார் இல்ல, வேற யாரோ" என்று சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மேலாளர் நல்ல மனுஷி. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது மேடம். ஆனா நாங்களா முடிவு பண்ணல" என்று ஒரு நோட்டைத் திறந்தார். ஒத்திகையில் யார் எதைச் சொன்னாலும் குறித்து வைப்பது அவர் பழக்கமாம். வெளிச்சம் போதவில்லை, நாற்காலி ஆடுகிறது, இப்படிப் பக்கம் பக்கமாக. நடுவில் ஒரு வரியை விரலால் காட்டிப் படித்தார்.

"பின்வரிசை பாடுறது, பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மேடு ஏறுற மாதிரி இருக்கு. உச்சக்குரல் பாடகர்."

வந்த நாலு பேரில் உச்சக்குரல் நீதான். பஞ்சரான சைக்கிள்! உன் அண்ணன் குளியலறையில் பாடும்போதெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டு நீ கத்துவாயே, அதே சைக்கிள். இந்த உலகத்தில் அந்தச் சைக்கிளை வைத்திருப்பவள் நீ ஒருத்திதான்.

அந்த நோட்டுதான் பெரிய கண்டக்டரின் மேசைக்குப் போயிருக்கிறது. (ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரை இங்கே பெரிய கண்டக்டர் என்கிறோம். நம் பஸ்காரர் இருக்கும்போது வெறும் கண்டக்டர் என்றால் குழப்பம்.) அவர் படித்துவிட்டுப் பின்வரிசை மொத்தத்தையும் எண் போட்டு வெட்டியிருக்கிறார். யார் சரி, யார் இழுக்கிறார் என்று ஒரு குரலைக்கூடத் தனியாகக் கேட்கவில்லை.

தொண்டை மேல் சத்தியம் செய்தாயே, அந்தத் தொண்டையில் எப்படி இறங்குகிறது உனக்குத் தண்ணீர்?

போன வெள்ளிக்கிழமை குழுவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எண்களைப் படித்தேன். தையல்கார அம்மா கையைத் தூக்கினார். "டீச்சர், வாய மட்டும் அசைக்கணும்னா, மூச்ச அந்தந்த இடத்துல இழுக்கலாமா, அதுவும் கூடாதா?" கிண்டலாகக் கேட்கவில்லை. சந்தேகமாகக் கேட்டார். பல் டாக்டர், "நான் நாள் பூரா அடுத்தவங்கள வாயத் தொறன்னு சொல்றவன். என்னைய மூடச் சொல்றாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். உன் அண்ணன் பாட்டுத் தாள்களை அடுக்கி, கிளிப் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டுப் போய் வாசலில் நின்றுகொண்டார்.

நான் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிவிட்டேன். பாடினால் நாற்பத்தாறு பேரும் பாடுவோம். இல்லையென்றால் ஒருவரும் வர மாட்டோம்.

உனக்கும் இதுதான் கடைசிக் கடிதம்.


மார்ச் 18

அண்ணிக்கு,

கடைசிக் கடிதம் என்று நீங்கள் சொன்னால் போதுமா? பதில் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது.

ஆமாம், சொன்னேன். தேநீர் மேசையில், டெனரிடம், சிரித்துக்கொண்டு சொன்னேன். அண்ணனை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். வீட்டில் சொல்வதுபோலவே வந்துவிட்டது. அந்த மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நோட்டோடு நின்றது எனக்கு எப்படித் தெரியும்? வாய்தவறி விழுந்த ஒரு கேலி பதினாலு பேர் வாயை மூடும் என்று எந்தப் பாவி நினைப்பாள்? உங்கள் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு அது உறுத்தியது. "கேட்டாயா" என்றுதானே கேட்டீர்கள், நான் கேட்கவில்லையே என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். அது பொய்யில் சேர்த்தி என்றால் பொய்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது என் முறை.

எனக்குப் பதினேழு வயது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் குழு தொடங்கி முதல் நிகழ்ச்சி. அண்ணி நடத்துகிற குழு என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றேன். கடைசி ஒத்திகையில் பாட்டை நிறுத்தினீர்கள். முப்பது பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "நீ மட்டும் வாயசை கண்ணு, போதும். உன் குரல் தனியா துருத்திக்கிட்டு நிக்குது."

வாயசைத்தேன் அண்ணி. நிகழ்ச்சி முழுக்க. அம்மாவும் அப்பாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து நான் உங்கள் குழுவுக்கு வரவில்லை. ஏன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. இன்று தையல்கார அம்மாவுக்காக எரிகிற உங்கள் வயிறு அன்று எங்கே போயிருந்தது?

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஆறு வாரம் போனை எடுக்கவில்லை. "திமிர் ஏறிடுச்சு" என்று அண்ணனிடம் சொன்னீர்களாம். குரல் நாணில் கட்டி. அறுவை செய்து எடுத்தார்கள். ஆறு வாரம் ஒரு எழுத்து பேசக் கூடாது. யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் ஒருவரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் பெரிய கச்சேரி இது. உங்கள் நாற்பத்தாறு பேரும் வராவிட்டால் இதுவும் நடக்காது. அதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

வாலு என்று இனிமேல் எழுதாதீர்கள். நாற்பத்தைந்து வயதாகிறது.


மார்ச் 23

இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எழுதினேன். எனக்கு உண்மையாகவே நினைவில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். "ஆமா, சொன்ன. அன்னிக்கு அவ பஸ்ஸுக்கு நிக்கல. வீடு வரைக்கும் நடந்தே வந்தா. நானும் பின்னாடியே நடந்தேன்" என்றார். "இருபத்தெட்டு வருஷமா ஏன் சொல்லல?" என்று கத்தினேன். "நீ கேக்கலையே" என்றார். இந்த மனிதரோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்று நீயே சொல்.

இரண்டாவது தாளில், எனக்கும் அப்போது இருபத்தைந்து வயதுதான், முதல் நிகழ்ச்சி, பயத்தில் சொல்லியிருப்பேன் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். பெரிய கண்டக்டரும் இதையேதான் சொல்வார். கிழித்தேன்.

நான் செய்தது தப்பு. முப்பது பேர் முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஏன் வரவில்லை என்று கேட்காமல் விட்டது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. அறுவை சிகிச்சை விஷயம் தெரிந்திருந்தால் நான் அங்கே வந்திருப்பேன். பேசாமல் கிடக்கிறவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க எனக்கும் தெரியும்.

இதெல்லாம் ஒரு பக்கம். என் கோபம் இன்னொரு பக்கம். அது அப்படியே இருக்கிறது.

பெரிய கண்டக்டரிடமிருந்து பதில் வந்தது. நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு குழுவை வைத்துக்கொள்வாராம். குழுவிடம் சொன்னேன். பஸ் கண்டக்டர் எழுந்தார். "டீச்சர், எங்களால மத்தவங்களுக்கு ஏன் கெடணும்? நாங்க சும்மா நிக்கிறோம். எனக்கு நின்னுக்கிட்டே இருக்குறது பழக்கம்தான்" என்றார். பதினாலு பேரும் தலையாட்டினார்கள். உன் அண்ணனும். கை தூக்கச் சொன்னேன். நாற்பது கை ஏறியது, பாடப் போவோம் என்று. நான் ஒருத்தி எதிர்த்து என்ன செய்ய?

அவமானப்பட்டவர்களே பெருந்தன்மையாக நடந்துகொண்டால், அவமானப்படுத்தியவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் பார்த்தாயா? அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆக, உன் கச்சேரி நடக்கும். பயப்படாதே. கச்சேரியன்று எனக்கு மேடையில் வேலை இல்லை. ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பார்வையாளர் நாற்காலி. உன்னிடம் எதையும் கேட்டு இதை எழுதவில்லை.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

பெரிய கண்டக்டருக்கு இன்று காலை ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். நேரில் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்று எழுதினேன். அதில் இருப்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒத்திகையின் பதிவு என்னிடம் இருந்தது. கேட்கப் பிடிக்காமல் வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்றாம் பகுதியை ஆறு முறை கேட்டேன். ஆர்கெஸ்ட்ராவின் குழல்களை வைத்துப் பார்த்தால் பின்வரிசை நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஏறியது நான். அறுவைக்குப் பிறகு உச்சத்துக்குப் போகும்போது பயத்தில் முட்டித் தள்ளுகிறேன். சுருதி ஒரு மயிரிழை மேலே போய்விடுகிறது. மேலே நின்றுகொண்டு பார்த்தால் சரியாக நிற்பவர்கள் இறங்கியதாகத் தெரிகிறது.

உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும். உங்கள் காதைப் பற்றி எனக்குத் தெரியாதா? முப்பது பேர் முன்னால் என்னைச் சொன்னவர், இந்த முறை ஏன் சொல்லவில்லை?

நான் சொன்ன கேலி பொய், அதை நம்பி யாரையும் நிறுத்தாதீர்கள், சந்தேகம் இருந்தால் அவர்களைத் தனியாகக் கேளுங்கள், என்னையும் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அறுவையையும் எழுதிவிட்டேன். அதை எழுதாமல் மற்றது நிற்கவில்லை.

இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எரிச்சல்தான். என் பயத்துக்கு அண்ணன் வாயை மூட வேண்டுமா?


ஏப்ரல் 3

வாலுக்கு (அப்படித்தான் எழுதுவேன், அறுபது வயதானாலும்),

செவ்வாய்க்கிழமை நாங்கள் பயிற்சியில் இருந்தபோது பெரிய கண்டக்டர் நூலக மாடிக்கு வந்தார். முன்கூட்டியே சொல்லவில்லை. கையில் உன் கடிதம். வந்தவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "பின்வரிசை மட்டும் பாடுங்க" என்றார்.

பதினாலு பேரும் முன்னால் வந்தார்கள். பஸ் கண்டக்டருக்கு யூனிஃபார்ம் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கையைத் தூக்கினேன். மூன்றாம் பகுதி முழுவதும், துணைக்கு ஒரு வாத்தியம் இல்லாமல். முடிந்ததும் அவர் பியானோவில் கடைசி சுரத்தைத் தட்டிப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. மறுபடி தட்டினார். பிறகு எழுந்து, "எல்லாரும் பாடலாம். வெளி ஆளுங்க வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பல் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். உன் அண்ணன் மட்டும், "சார், இன்னொரு தடவ பாடட்டுமா?" என்றார்.

நான் படி வரைக்கும் பெரிய கண்டக்டரோடு இறங்கினேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர பாத்தாச்சு மேடம்" என்றார், குடையை விரித்துக்கொண்டே.

படியில் நின்று கத்தினேன். கீழே படிப்பறையில் இருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "உண்மையச் சொன்னவளுக்கு இதுதானா? சுருதி ஏறுதுன்னு அவளே சொல்றா. ஏறாம பாட வைக்கிறதுக்குத்தான நீங்க கோல் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றேன். "நேரமில்ல மேடம்" என்றார். பதினாலு பேர் பட்டியல் போட நேரம் இருந்திருக்கிறது.

நீ கேட்டாயே, இந்த முறை ஏன் சொல்லவில்லை என்று. ஒத்திகையன்றே எனக்குக் கேட்டது. நீ ஏறுகிறாய் என்று தெரிந்தது. சொன்னால் நாத்தனார் மேல் பொறாமை என்பார்கள், நீயும் அப்படித்தான் நினைப்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

ஒரே ஒரு வார்த்தை சொல். நாற்பத்தாறு பேரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவோம். இந்த முறை கை தூக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

தையல்கார அம்மா மூச்சு இழுக்கலாமா என்று கேட்டதற்காக நான் என் இடத்தை விட்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்துவிட்டால் நான் விட்டதற்கு என்ன அர்த்தம்? எனக்காக என்று சொல்லி என் கண்ணைக் குத்தாதீர்கள். நாற்பத்தாறு பேரும் போய்ப் பாட வேண்டும். அந்த மனிதர் காது கிழியப் பாட வேண்டும்.

அழுதேன். எழுத வேண்டாமென்று பார்த்தேன். இரண்டு நாள் அழுதேன். இப்போது சரியாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உச்சக்குரல் வரிசையில் எனக்கு ஒரு இடம் தர முடியுமா? பெயர் அச்சில் வர வேண்டாம். எந்த மூலையாக இருந்தாலும் சரி. இந்தப் பாட்டை நான் ஐந்து மாதம் படித்திருக்கிறேன். எங்காவது நின்று பாடாவிட்டால் தொண்டைக்குள்ளேயே கிடந்து வெடித்துவிடும்.


ஏப்ரல் 9

வாலு,

வெள்ளிக்கிழமை ஆறரை மணி, நூலக மாடி. ஆறு முப்பத்தைந்துக்குக் கதவைச் சாத்திவிடுவேன், விருந்தினர் பாடகராக இருந்தாலும். கறுப்பு உடை, குதிகால் சத்தம் போடாத செருப்பு. உன் இடம் இரண்டாம் வரிசை, தபால் ஆபீஸ் அம்மாவுக்கும் நர்ஸுக்கும் நடுவில்.

உன் குரலை அடக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டே பாடு என்று சொல்வேன். அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ரயில் எத்தனை மணிக்கு என்று உன் அண்ணன் கேட்கிறார். நேற்று ஏழு சட்டைக்கும் பாட்டோடு இஸ்திரி நடந்தது. ஒரு சட்டை கருகிவிட்டது.

அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்கு முன் இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பத்திரிகையில் கச்சேரி விமர்சனம் பார்த்தீர்களா? ரயிலில் எதிரே இருந்தவர் வைத்திருந்ததை இரவல் வாங்கிப் படித்தேன். "பாடகர் குழு ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறப்பாகப் பாடியது." என்ன ஆச்சரியம்? ஏழு மாதம், வாரம் இரண்டு நாள், பஸ் டிக்கெட் கிழித்த கையோடும் பல் பிடுங்கிய கையோடும் வந்து படித்தவர்கள் நன்றாகப் பாடினால் இவருக்கு எங்கிருந்து ஆச்சரியம் வருகிறது? டெனருக்கு ஒரு பத்தி. எனக்குப் பதிலாக வந்தவருக்கு ஒரு பத்தி. அது இருக்கட்டும், அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினாள், பாவம், மூன்றே வாரத்தில் படித்திருக்கிறாள். ஆனால் கடைசி வரியைப் படித்ததும் ரயிலில் எழுந்தே நின்றுவிட்டேன். "குழுவைத் தன் கோலின் நுனியில் கட்டிவைத்திருந்த நடத்துநரின் ஆளுமைக்கே முழுப் பெருமையும்."

உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அண்ணி, இரண்டாம் வரிசையிலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஐந்தாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கையை மடியில் வைத்திருந்தீர்கள். பாட்டு தொடங்கியதும் உங்கள் வலது கை மடியிலேயே அசைந்தது, விரல் அளவுக்கு. உங்களுக்கே தெரிந்திருக்காது. நர்ஸ் அதைப் பார்த்துத்தான் மூச்சு இழுத்தார். தபால் ஆபீஸ் அம்மா அதைப் பார்த்துத்தான் நிறுத்தினார். நானும் அதைத்தான் பார்த்தேன். மேடையில் அந்த மனிதர் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார், நாற்பத்தேழு பேரும் அவர் தோளுக்கு மேலாக உங்கள் மடியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் பகுதியில், ஆண்கள் மட்டும் தனியாகத் தொடங்கும் இடத்தில் அண்ணன் குரல் என் காதுக்குப் பின்னால் வந்தது. இத்தனை வருஷத்தில் குளியலறைக் கதவு இல்லாமல் அதை நான் கேட்டது இதுவே முதல் தடவை. இழுத்துத்தான் பாடினார் அண்ணி. அந்த இடம் இழுத்துத்தான் பாட வேண்டிய இடம். அதற்குப் பிறகு எங்கள் உச்சம் வந்தது. நான் முட்டித் தள்ளவில்லை. இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு போனேன், தானாக வந்து உட்கார்ந்தது.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். "நாங்கள் உங்கள் விமர்சகர் சொல்லும் கோலைப் பார்க்கவே இல்லை. பார்த்தது யாரை என்று அவருக்குத் தெரிய வேண்டும்" என்று தொடங்குகிறது. ஒன்றரைப் பக்கம். செவ்வாய்க்கிழமை எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எண் வேண்டாம், முழுப் பெயர். பஸ் கண்டக்டரிடம் முதலில் கொடுங்கள்.

வேண்டாம் வாலு, எதற்கு வம்பு என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லாதீர்கள். இதில் உங்கள் கையெழுத்துக்கு இடமே வைக்கவில்லை. இது உங்களைப் பற்றிய கடிதம். நீங்கள் தபால்தலை ஒட்டினால் போதும்.

வாலு